கேம் விற்பனைக் கணக்கைப் பொதுமக்கள் பார்க்க முடியாமல் பூட்டி வைப்பது நியாயமா?

கேள்வி கேட்டவர் சொல்வது இதுதான்: சினிமா வசூல் பற்றித் தினமும் ஏதாவது செய்தி வருகிறது, ஒரு வீடியோ கேம் எத்தனை பிரதி விற்றது என்று தேடினால் மட்டும் உருப்படியாக ஒன்றும் கிடைப்பதில்லை. அது கம்பெனிகளின் தொழில் ரகசியம்தானே, அதைக் கேட்க நமக்கு என்ன உரிமை?

எனக்கு இதில் சொந்த அக்கறை இருக்கிறது, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். பகலில் கோயம்புத்தூரில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை. ராத்திரியில் நானும் என் நண்பனும் சின்னச் சின்ன கேம்கள் செய்கிறோம். ரெண்டு கேம் வெளியிட்டிருக்கிறோம். முதல் கேமுக்கும் ரெண்டாவது கேமுக்கும் நடுவில் நாங்கள் விற்கும் கடையின் கணக்கு மூடப்பட்டது, அதனால் அது இருந்தால் எப்படி, இல்லாவிட்டால் எப்படி என்று ரெண்டையும் பார்த்துவிட்டேன்.

முதலில் 'ரகசியம்' என்ற வார்த்தையை எடுத்துக்கொள்வோம். ரகசியம் என்றால் யாரிடமிருந்து? அமெரிக்காவில் கடைகளில் விற்கும் கேம்களின் கணக்கை எடுத்துவந்தது என்.பி.டி. என்ற நிறுவனம் (இப்போது சர்க்கானா என்று பெயர் மாற்றிக்கொண்டது). மாதத்தில் ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் அது கணக்கை வெளியிடும், நம் ஊரில் வெள்ளிக்கிழமை விடிவதற்கு முன். எந்த கன்சோல் (கேம் ஆடுவதற்கென்றே உள்ள கருவி) எத்தனை விற்றது, முதல் பத்து கேம்கள் எவை, ஒவ்வொன்றும் எத்தனை பிரதி என்று எல்லாம் இருக்கும். காலேஜ் ஹாஸ்டலில் அதற்காகவே அலாரம் வைத்து எழுந்திருக்கிறேன். 2010 அக்டோபரில் அதை நிறுத்தினார்கள். அதற்கப்புறம் பொதுமக்களுக்குக் கிடைத்தது மொத்தம் எத்தனை டாலர் செலவானது என்ற தொகையும், எண்ணிக்கை இல்லாத வெறும் தரவரிசையும்தான். ஆனால் கணக்கு எடுப்பதை நிறுத்தவில்லை. சந்தா கட்டும் கம்பெனிகளுக்கு அது முழுசாகப் போய்க்கொண்டுதான் இருந்தது. பெரிய கேம் பதிப்பாளர்கள், கன்சோல் கம்பெனிகள், முதலீட்டு நிறுவனங்கள் எல்லாம் அதை வாங்குகிறார்கள். டிஜிட்டல் விற்பனைக்கு இன்னொரு ஏற்பாடு: உன் கணக்கை நீ கொடுத்தால் மற்றவர்கள் கணக்கை நீ பார்க்கலாம். அப்படியானால் போட்டிக் கம்பெனி பார்த்துவிடும் என்ற பயமே இங்கே கிடையாது, பார்ப்பதே போட்டிக் கம்பெனிதான். பார்க்க முடியாதவர்கள் கேம் வாங்குகிறவர்கள், பத்திரிகைக்காரர்கள், எங்களைப் போன்ற ரெண்டு பேர் கம்பெனிகள், நாளைக்கு இந்தத் தொழிலின் வரலாற்றை எழுத உட்காரப் போகிறவர்கள். இதைத் தொழில் ரகசியம் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

கம்பெனிகள் எப்போது எண் கொடுக்கின்றன, எப்போது வாய் மூடுகின்றன என்று பார்த்தால் இன்னும் தெளிவாகும். எக்ஸ்பாக்ஸ் 360 அமெரிக்காவில் முன்னணியில் இருந்த 2011, 2012-ல் மைக்ரோசாஃப்ட் தானாகவே எண்ணை எடுத்து வெளியில் வைத்தது. அடுத்து வந்த எக்ஸ்பாக்ஸ் ஒன், சோனியின் பிளேஸ்டேஷன் 4-க்குப் பின்னால் போனதும் நிலைமை மாறியது. 2014 நவம்பரில் கிட்டத்தட்ட 1 கோடி என்று சொன்னார்கள். 2015 அக்டோபரில், இனி கன்சோல் எண்ணிக்கை சொல்ல மாட்டோம், மாதத்துக்கு எத்தனை பேர் எக்ஸ்பாக்ஸ் லைவ் என்ற ஆன்லைன் சேவையைப் பயன்படுத்துகிறார்கள் என்று மட்டும் சொல்வோம் என்று அறிவித்துவிட்டார்கள். உண்மை வெளியே வந்தது 2022-ல், ஆக்டிவிஷன் என்ற கேம் கம்பெனியை வாங்க அனுமதி கேட்டு பிரேசில் அரசிடம் கொடுத்த காகிதத்தில். போன தலைமுறையில் சோனி எங்களைப் போல ரெண்டு மடங்குக்கும் மேல் விற்றது என்று மைக்ரோசாஃப்டே அதில் எழுதியிருந்தது, ஏனென்றால் அங்கே தன்னைச் சின்னதாகக் காட்டிக்கொள்வதுதான் அதற்கு லாபம். சோனியும் குறைவில்லை. வீட்டா கையடக்கக் கன்சோல் சரியாகப் போகாதபோது அதன் எண்ணைப் பழைய பி.எஸ்.பி.யோடு சேர்த்து ஒரே தொகையாகக் காட்டினார்கள்.

இதற்கு நேர் எதிராக நின்டெண்டோவைப் பாருங்கள். 10 கோடிக்கு மேல் விற்ற வீ கன்சோலுக்கு அடுத்து வந்த வீ யூ, மொத்தமே 1 கோடியே 35 லட்சம்தான் விற்றது. மானம் போகிற எண்தான். ஆனாலும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒளிக்காமல் கொடுத்தார்கள். அதனால் கம்பெனி மூழ்கிவிடவில்லை, அடுத்து வந்த ஸ்விட்ச்தான் அவர்கள் வரலாற்றிலேயே பெரிய வெற்றிகளில் ஒன்று. எண்ணைச் சொன்னால் வியாபாரம் கெட்டுவிடும் என்று யாராவது சொன்னால் நான் முதலில் இதைத்தான் காட்டுவேன்.

இனி ஸ்டீம் கதை. கம்ப்யூட்டர் கேம்களுக்கு ஸ்டீம்தான் பெரிய கடை. நடத்துவது வால்வ் கம்பெனி. எந்த கேம் எத்தனை விற்றது என்று அவர்கள் வெளியே சொல்வதில்லை. ஆனால் அப்போதெல்லாம் ஒருவருடைய ஸ்டீம் கணக்கில் என்னென்ன கேம் இருக்கிறது என்று யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். 2015-ல் செர்கெய் கல்யோன்கின் என்பவர் இதை வைத்து ஸ்டீம் ஸ்பை என்று ஒரு தளம் தொடங்கினார். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பதுதான் அதன் அடிப்படை. லட்சக்கணக்கான கணக்குகளைக் கண்ணை மூடிக்கொண்டு பொறுக்கி எடுத்து, அதில் எத்தனை பேரிடம் இந்த கேம் இருக்கிறது என்று எண்ணி, மொத்தத்துக்கும் கணக்குப் போடுவது. எவ்வளவு முன்பின் இருக்கலாம் என்பதையும் பக்கத்திலேயே போட்டிருப்பார்.

2017-ல் எங்கள் முதல் கேம் பாதி முடிந்திருந்தது. கட்டைகளை நகர்த்தி வழி கண்டுபிடிக்கும் புதிர் கேம். நண்பன் வேலையை விட்டுவிட்டு முழு நேரமும் இதில் இறங்கலாம் என்று துடித்துக்கொண்டிருந்தான், கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து ஸ்டீம் ஸ்பையில் எங்கள் கேம் மாதிரியே இருந்த முப்பது கேம்களை ஒவ்வொன்றாக எடுத்து, விலை, வெளிவந்த மாதம், எத்தனை பேரிடம் இருக்கிறது என்று ஒரு நோட்டில் எழுதினோம். மூன்று கேம்தான் நன்றாகப் போயிருந்தது. மீதி இருபத்தேழும் ஒரு ஆளின் ஒரு வருஷச் சம்பளத்தைக்கூடத் தாண்டியிருக்காது. நண்பன் அந்த நோட்டை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தான், அப்புறம் வேலையை விடவில்லை. கேம் வெளிவந்தது, நோட்டில் இருந்த இருபத்தேழோடு இருபத்தெட்டாவதாகச் சேர்ந்தது, யாருக்கும் கடன் இல்லை, அவன் வீட்டில் யாரும் அழவில்லை. பொதுவில் இருந்த ஒரு எண் எங்களுக்குச் செய்தது இது.

2018 ஏப்ரலில் வால்வ் ஒரு மாற்றம் செய்தது. கேம் பட்டியல் இனி தானாகவே மறைந்திருக்கும், வேண்டுமென்கிறவர்கள் மட்டும் திறந்து வைக்கலாம். ஸ்டீம் ஸ்பையின் அஸ்திவாரமே போயிற்று. இதில் நான் நியாயமாகப் பேச வேண்டும். நான் ராத்திரி ரெண்டு மணிக்கு என்ன கேம் ஆடுகிறேன் என்பது யாருக்கும் தெரிய வேண்டியதில்லை, அந்தத் தனியுரிமை சரியானது, அதை நான் திருப்பிக் கேட்கவில்லை. ஆனால் தனி ஆளின் பட்டியலை மறைப்பது வேறு, ஒரு கேமின் மொத்த எண்ணிக்கையை மறைப்பது வேறு. இந்த கேம் 4,000 பிரதி விற்றது என்று சொன்னால் அந்த 4,000 பேரில் ஒருவருடைய பெயர்கூட வெளியே வராது. வால்வ் நினைத்திருந்தால் முதலாவதை மூடிய அதே நாளில் ரெண்டாவதைத் திறந்திருக்கலாம்.

அவர்களுக்கு அந்த எண்ணமே இல்லை என்பது மூன்று மாதத்தில் தெரிந்துபோயிற்று. ஸ்டீம் கேம்களில் 'அச்சீவ்மென்ட்' என்று உண்டு, ஒரு கட்டத்தை முடித்தால் கிடைக்கும் பதக்கம் மாதிரி. எத்தனை சதவீதம் பேர் ஒவ்வொன்றையும் வாங்கினார்கள் என்று ஸ்டீம் பொதுவில் கொடுத்துவந்தது, அதுவும் புள்ளிக்குப் பின் நீளமான இலக்கங்களோடு. டைலர் கிளேல் என்ற கேம் டெவலப்பர் இதில் ஒளிந்திருந்ததைக் கண்டுபிடித்தார். ஒரு சின்ன உதாரணம் சொல்கிறேன். ஒரு பதக்கம் 14.285714 சதவீதம், இன்னொன்று 42.857142 சதவீதம் என்று இருந்தால், முதலாவது ஏழில் ஒன்று, ரெண்டாவது ஏழில் மூன்று, ஆகவே மொத்த ஆட்கள் ஏழு அல்லது ஏழின் மடங்கு. இப்படி இருபது முப்பது பதக்கங்களை வைத்துப் பார்த்தால் எல்லாவற்றுக்கும் பொருந்தும் ஒரே எண் வந்து நிற்கும். மதிப்பீடு இல்லை, கிட்டத்தட்ட துல்லியமான எண்! 2018 ஜூலையில் ஆர்ஸ் டெக்னிகா என்ற செய்தித் தளம் இந்த முறையில் ஆயிரக்கணக்கான கேம்களுக்குக் கணக்குப் போட்டு வெளியிட்டது. நானும் நண்பனும் எங்கள் கேமைத் தேடிப் பார்த்தோம், எங்களிடம் இருந்த உண்மைக் கணக்கோடு ஒத்துப்போனது. வால்வ் உடனே இலக்கங்களைச் சுருக்கிவிட்டது. 14.285714 இருந்த இடத்தில் 14.29 என்று போட்டுவிட்டால் ஒன்றையும் கண்டுபிடிக்க முடியாது. இதில் யாருடைய தனியுரிமையும் இல்லை, ஒரு ஆளின் பெயரும் இல்லை. மூடியது மொத்த எண்ணைத்தான்.

ஸ்டீம் ஸ்பை பிற்பாடு வேறு வழியில் கணித்துத் திரும்பி வந்தது, ஆனால் இப்போது கொடுப்பது இத்தனையிலிருந்து இத்தனை வரை என்ற எல்லைகள் மட்டும். அதில் ஆகக் கீழே இருப்பது 0-விலிருந்து 20,000 வரை. பெரிய கேம் செய்கிறவருக்கு இது ஒரு பொருட்டில்லை, எங்களுக்கு இதுதான் வாழ்வா சாவா. 300 பிரதி விற்ற கேமும் 15,000 பிரதி விற்ற கேமும் ஒரே மூட்டையில் கிடக்கின்றன. அப்புறம் ஒரு கேமுக்கு ஸ்டீமில் வந்த விமர்சனங்களை எண்ணிப் பெருக்கி விற்பனையை ஊகிக்கிற முறை ஒன்று உண்டு. சிலர் 30-ஆல் பெருக்கு என்பார்கள், சிலர் 50 என்பார்கள், கேமின் வகையைப் பொறுத்தும் ஆண்டைப் பொறுத்தும் அது மாறிக்கொண்டே இருக்கும். ஸ்டீமே வாராந்திரப் பட்டியல் போடுகிறது, அதிகம் வருமானம் பார்த்தவை என்று. வரிசை மட்டும்தான், எண் கிடையாது.

எங்கள் ரெண்டாவது கேம் இந்த இருட்டில்தான் வந்தது. ஒரு பதிப்பாளர் எங்களைத் தேடி வந்தார், பெயர் வேண்டாம். இந்த மாதிரி கேம் எங்களிடம் எவ்வளவு போயிருக்கிறது பாருங்கள் என்று ஒரு கேமின் கணக்கைத் திரையில் காட்டினார், பிரமாதமாக இருந்தது. அவர் வெளியிட்ட மற்ற கேம்கள் எவ்வளவு போயின என்று கேட்டோம், அது ரகசியம் என்றார். பழைய மாதிரி ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பார்க்க எங்களுக்கு வழி இல்லை, கையெழுத்துப் போட்டோம். காட்டிய கேம் ஒன்றுதான் ஓடியது, மற்றவை எல்லாம் படுத்தவை என்பது ஒன்றரை வருஷம் கழித்து அங்கே வேலை பார்த்த ஒருவர் சொல்லித்தான் தெரிந்தது. எங்கள் ரெண்டாவது கேமுக்காக நண்பன் வேலையை விட்டிருந்தான்.

எண் வெளியே வந்தால் ரசிகர்கள் அடித்துக்கொள்வார்கள், எண்ணைத் தப்பாகப் புரிந்துகொள்வார்கள் என்று சொல்வதில் உண்மை உண்டு. கடைக்கு அனுப்பிய எண் வேறு, ஆள் காசு கொடுத்து வாங்கிய எண் வேறு, கம்பெனிகள் எது பெரிதோ அதைச் சொல்கின்றன. 2013-ல் டூம்ப் ரெய்டர் நாலு வாரத்தில் 34 லட்சம் விற்றும் எதிர்பார்த்த அளவு இல்லை என்று அதை வெளியிட்ட ஸ்கொயர் எனிக்ஸ் சொன்னது, வெறும் எண்ணை மட்டும் பார்த்தவருக்கு இது புரியவே புரியாது. அது புரிய வேண்டுமென்றால் செலவும் தெரிய வேண்டும், அந்தக் கணக்கு இன்னும் ஆழமான கிணற்றில் இருக்கிறது. 2023 ஜூனில் அதே ஆக்டிவிஷன் விஷயத்தில் மைக்ரோசாஃப்டுக்கு எதிராக, வியாபாரப் போட்டியைக் கண்காணிக்கும் அமெரிக்க அரசு அமைப்பான எஃப்.டி.சி. தொடுத்த வழக்கில் சோனியின் காகிதங்களை வெளியிட்டார்கள். மறைக்க வேண்டிய எண்களின் மேல் யாரோ கறுப்பு மார்க்கரால் கோடு போட்டு ஸ்கேன் செய்திருக்கிறார்கள். ஸ்கேனில் மை வெளுத்து, அடியில் இருந்த எழுத்து தெரிந்தது. தி லாஸ்ட் ஆஃப் அஸ் இரண்டாம் பாகத்துக்கு 22 கோடி டாலர், ஹொரைசன் ஃபர்பிடன் வெஸ்டுக்கு 21 கோடியே 20 லட்சம் டாலர். பெரிய கேம்களின் செலவு எங்கே போய் நிற்கிறது என்று உலகம் உறுதியாகத் தெரிந்துகொண்டது ஒரு மார்க்கர் பேனா சரியாக எழுதாததால். தப்பாகப் புரிந்துகொள்வார்கள் என்றால் இன்னும் கொஞ்சம் விவரம் கொடுக்க வேண்டும், இருக்கிற கொஞ்சத்தையும் பிடுங்கக் கூடாது.

முடியாத காரியமும் இல்லை. தென்கொரியாவில் சினிமா டிக்கெட் எண்ணிக்கையை அரசின் திரைப்பட அமைப்பே நாள்தோறும் எல்லாரும் பார்க்க வெளியிடுகிறது. ஜப்பானில் ஃபாமிட்சு பத்திரிகை வாராவாரம் கேம் விற்பனையை எண்ணோடு போடுகிறது. கேப்காம் என்ற ஜப்பானிய கேம் கம்பெனி 10 லட்சத்தைத் தாண்டிய தன் கேம்கள் எல்லாவற்றுக்கும் பட்டியல் வைத்திருக்கிறது. கடைக்காரரான வால்வ் வருஷத்துக்கு ஒருமுறை, வகை வாரியாக, இந்த விலைக்குள் இருக்கும் கேம்களில் பாதி இத்தனை பிரதிக்குக் கீழேதான் விற்றன என்று ஒரே ஒரு பக்கம் போட்டால்கூடப் போதும், எந்தக் கம்பெனியின் பெயரும் அதில் வேண்டாம்.

நாங்கள் செய்வதைச் சொல்லிவிடுகிறேன். பதிப்பாளரிடமிருந்து ரெண்டாவது கேமைத் திரும்ப வாங்கியதில் இருந்து, ரெண்டு கேமின் கணக்கையும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை எங்கள் பக்கத்தில் போட்டுவிடுகிறோம். எத்தனை பிரதி, எத்தனை பேர் பணத்தைத் திரும்பக் கேட்டார்கள், ஸ்டீமின் 30 சதவீதம் போகக் கைக்கு வந்தது எவ்வளவு என்று. போன மாதம் மதுரையில் படிக்கும் ஒரு தம்பி, நம் கேம் மாதிரியே ஒன்று செய்துகொண்டிருப்பவர், அந்தக் கணக்கைப் பார்த்துவிட்டு எழுதியிருந்தார். கடைசி வருஷத்தை நிறுத்திவிட்டு இதில் இறங்கலாம் என்று இருந்தாராம். படிப்பை முடித்துவிட்டே செய்கிறேன் அண்ணா, ராத்திரியில் செய்கிறேன் என்று எழுதியிருந்தார்.