உயிரியல் படிக்காதவர் அண்டார்ட்டிக்காவில் சீல், திமிங்கில ஆராய்ச்சிக்குப் போக முடியுமா?

முடியும். உயர்தரப் படிப்பில் (A/L) உயிரியல் பிரிவு கிடைக்காத பிள்ளை கேட்பது போலிருக்கிறது, அதனால்தான் எழுதுகிறேன்.

அமெரிக்காவின் மக்மர்டோ நிலையத்தில் கோடையில் ஏறக்குறைய 1,000 பேர் இருப்பார்கள். பெரும்பாலானோர் விஞ்ஞானிகள் இல்லை. சமையல்காரர், மெக்கானிக், தச்சர், மின் வேலை செய்பவர்கள்தான். அதற்குப் பக்கத்தில் எரெபஸ் குடாவில் 1968 முதல் ஆய்வாளர்கள் வெடல் சீல்களைப் பின்தொடர்கிறார்கள். குட்டி பிறந்த சில நாட்களிலேயே பின்துடுப்பில் அடையாள வில்லை குத்த வேண்டும். உறைந்த கடலின் மேல் அவர்கள் தங்கும் குடிலை இழுத்துக்கொண்டுபோய் வைப்பவர் யார்? பனி வண்டி பழுதானால் திருத்துபவர் யார்?

நான் திருகோணமலையில் போட் ஓட்டுகிறேன். இங்கே கரையை ஒட்டியே ஆழ்கடல் பள்ளம் இருப்பதால், பருவத்தில் கோணேசர் மலையில் நின்றே நீலத் திமிங்கிலம் மூச்சு விடுவதைப் பார்க்கலாம். ஒரு பருவம் ஆய்வு மாணவர்களைக் கூட்டிக்கொண்டு போனேன். அவர்களுக்கு வால் படம் வேண்டும். முதுகை உயர்த்தி வளைத்தால் வால் தூக்கப்போகிறது என்று அர்த்தம். அந்த நேரம் போட் நேர் பின்னால், வெயில் நம் முதுகில் விழ நிற்க வேண்டும். கச்சான் காற்று எழும்பிவிட்டால் அதுவே பெரிய பாடு. கடைசியில் மண்டபத்தில் படங்களைக் காட்டினார்கள். காசு கொடுத்த நிறுவனங்களுக்கெல்லாம் நன்றி சொன்னார்கள். போட் ஓட்டிய எங்கள் தண்டையல்மார் ஒருவர் பெயரும் இல்லை.

விஞ்ஞானிகளைக் குறைத்துப் பேசுகிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். கேள்வியை எழுப்புவது அவர்கள்தான், அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அண்டார்ட்டிக்காவிலும் நீண்ட கம்பால் திமிங்கிலத்தின் முதுகில் கருவி ஒட்டுகிறார்களே, ரப்பர் போட்டை அதன் வேகத்துக்குச் சமமாகப் பக்கத்தில் பிடிப்பவன் பிசகினால் கருவியும் இல்லை, தரவும் இல்லை.

இதையும் சொல்லிவிடுகிறேன்: உல்லாசப் பயணிகளுக்காகத் திமிங்கிலத்தை முழு வேகத்தில் விரட்டும் போட்காரர்களால் எல்லோருக்கும் கெட்ட பெயர். கேட்க ஆளில்லை.

சரி, உங்கள் விஷயம். பிரித்தானிய அண்டார்ட்டிக் ஆய்வு நிறுவனம் சமையல்காரர், குழாய் வேலை செய்பவர், போட் ஓட்டுபவர் என்று ஆள் கேட்டு விளம்பரம் போடுகிறது. பிரித்தானியாவில் வேலை செய்யும் உரிமை இருக்கிறதா என்று கேட்பார்கள், முதலில் அதைப் பாருங்கள். கையில் ஒரு தொழிலும் அதற்கான சான்றிதழும் வேண்டும். மருத்துவப் பரிசோதனை கடுமையானது. பல்லையும் பார்ப்பார்கள், சொத்தை இருந்தால் இப்போதே அடைத்துவிடுங்கள்.