வெள்ளைப் படைப்பிரிவு – கடிதம்

அன்புள்ள ஐயா,

இரண்டாம் உலகப்போரில் ருமேனியாவின் வெள்ளைப் படைப்பிரிவில் பறந்த பெண் ஆம்புலன்ஸ் விமானிகளைப் பற்றி நீங்கள் எழுதியதை வாசித்தேன். காயம்பட்டவர்களைத் தூக்கி வந்தார்கள், சரி. ஆனால் அந்தச் சிப்பாய்கள் ஹிட்லரோடு சேர்ந்து படையெடுத்துப் போனவர்கள் அல்லவா? கருங்கடல் துறைமுகமான ஒடெசாவில் யூதர்களைக் கொன்றது அந்த ராணுவம்தானே? இதை எப்படி வீரக்கதையாக வாசிப்பது?

ர.

அன்புள்ள ர.,

அந்த ராணுவம்தான். சிலர் இதற்கு ஒரு சமாதானம் சொல்வார்கள்: 1940இல் சோவியத் பறித்துக்கொண்ட பெசராபியாவை மீட்கத்தானே ருமேனியா போருக்குப் போனது என்று. அந்த நியாயம் பெசராபியாவின் கிழக்கெல்லையான நீஸ்டர் நதிக்கரையோடு முடிந்துவிடுகிறது. ஒடெசா நதிக்கு அப்பால் இருக்கிறது.

1941 ஆகஸ்டில் தொடங்கிய ஒடெசா முற்றுகை அக்டோபர் 16 வரை நீண்டது. இறந்தவர்கள், காயம்பட்டவர்கள், காணாமல் போனவர்கள் என்று ருமேனியத் தரப்பில் ஏறத்தாழ 90,000 பேர். வெள்ளைப் படைப்பிரிவின் பெண்களுக்கு ஓயாத வேலை வந்தது அப்போதுதான். நகரம் விழுந்த சில நாட்களில், அக்டோபர் 22 அன்று, ருமேனிய ராணுவத் தலைமையகத்தில் குண்டு வெடித்தது. ருமேனியாவின் சர்வாதிகாரி அந்தோனெஸ்கு பழிவாங்க ஆணையிட்டார். பல்லாயிரம் யூதர்களைச் சுட்டார்கள். கிடங்குகளில் அடைத்துக் கொளுத்தினார்கள்.

விமானங்களின் கதை இன்னும் விசித்திரம். ஆர்.டபிள்யூ.டி-13 என்ற சிறிய ஒற்றை எஞ்சின் விமானங்கள், போலந்தில் செய்தவை. 1939 செப்டம்பரில் போலந்து வீழ்ந்தபோது எல்லை தாண்டி ருமேனியாவுக்குத் தப்பி வந்தவைதான் பெரும்பாலும். ஜெர்மனி விழுங்கிய நாட்டின் விமானங்கள் ஜெர்மனியின் கூட்டாளிக்காகப் பறந்தன! வெள்ளையடித்துச் செஞ்சிலுவை வரைந்திருந்தார்கள். சோவியத் விமானங்கள் அதையும் தாக்கியதால் பிறகு மறைப்பு வண்ணம் பூச வேண்டியதாயிற்று. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. அரசுப் பிரசாரத்துக்கும் அந்த வெள்ளை நன்றாகவே பயன்பட்டது. இத்தாலியர்களோடு சேர்ந்து சினிமாவே எடுத்தார்கள்.

ஆகவே போரை வீரக்கதையாக்க எனக்கு விருப்பமில்லை. ஆனால் அந்த விமானிகளில் ஒருவரான மரியானா திரகெஸ்கு ஒடெசாவிலும் பிறகு ஸ்டாலின்கிராட் முனையிலும் ஆயுதமில்லாத விமானத்தைச் சமனற்ற புல்வெளியில் இறக்கி, ஸ்ட்ரெச்சரில் கிடந்தவனை ஏற்றிக்கொண்டு எழும்பினார். அதை வீரம் என்று சொல்ல எனக்குத் தயக்கமில்லை. படுத்திருந்தவன் கட்டாயத்தால் படைக்கு வந்த குடியானவனா, கொலைகாரனா என்று பார்த்து ஏற்றுவது ஆம்புலன்ஸ் ஓட்டுபவரின் வேலையும் அல்ல.

போருக்குப் பின் கம்யூனிஸ்ட் அரசு இந்தப் பெண்களைப் பேச்சிலிருந்தே அகற்றியது. அவர்களில் இன்னொருவரான நாதியா ருஸ்ஸோவைச் சிறையில் அடைத்தது, பிறகு ருமேனியாவின் தென்கிழக்கிலுள்ள பராகன் சமவெளியில் கட்டாயமாகக் குடியமர்த்தியது. குற்றச்சாட்டு, ஆட்சிக்கு எதிரான சதி, ஒடெசா அல்ல. திரகெஸ்கு நூறு வயது வாழ்ந்து 2013இல் இறந்தார். யூதர்களின் படுகொலையில் ருமேனியாவின் பங்கை அந்த நாட்டு அரசு அதிகாரபூர்வமாக ஒப்புக்கொண்டது 2004இல்தான், நாஜி வதைமுகாமிலிருந்து உயிர்தப்பிய எழுத்தாளர் எலி வீசல் தலைமையிலான ஆணையத்தின் அறிக்கைக்குப் பிறகு.