சிவப்பு ஸ்கிரீன் மஞ்சளைப் பிய்த்துக்கொண்டு வருகிறதா?

கேள்வி: மன்னார்குடி பக்கம் சின்னதாக டி-சர்ட் பிரிண்டிங் யூனிட் வைத்திருக்கிறேன். பொங்கல் கபடிப் போட்டிக்கு ஊர் டீம்களின் ஆர்டர். கறுப்பு டி-சர்ட்டில் வெள்ளை பேஸ் அடித்து, ஃபிளாஷ் (ஹீட்டர் சூட்டில் மேலோட்டமாக இறுகவைப்பது) கொடுத்து, அதன்மேல் மஞ்சள், சிவப்பு, நீலம் மூன்றையும் நடுவில் காயவைக்காமல் அடிக்கிறேன். பிளாஸ்டிசால் மை. காலையில் நன்றாக வருகிறது. பத்து மணிக்கு மேல் சிவப்பு ஸ்கிரீனைத் தூக்கும்போது மஞ்சளும் சேர்ந்து வந்துவிடுகிறது, பிரிண்ட் புள்ளி புள்ளியாகத் தெரிகிறது. வெயிலில் மை காய்கிறதோ என்று கொஞ்சம் மண்ணெண்ணெய் கலந்து பார்த்தேன். மையையே மாற்றிவிடலாமா?

பதில்: மாற்ற வேண்டாம். காலையில் சரியாக ஓடிய மை பத்து மணிக்குக் கெட்டுப்போகாது. பிளாஸ்டிசால் என்பது பிளாஸ்டிசைசர் எண்ணெயில் கலந்த பிவிசி தூள். காற்றுபட்டு அது காயாது; ராத்திரி முழுக்க ஸ்கிரீனிலேயே கிடந்தாலும் மறுநாள் ஓடும். சூடு ஏறினால்தான் இறுகும், அதுவும் 80, 90 டிகிரி செல்சியஸ் அளவுக்கு. தை மாதத்து வெயிலில் அந்தச் சூடு வராது. உங்கள் ஃபிளாஷில் வரும்.

முதல் சட்டைக்கு, சட்டையை மாட்டி அடிக்கும் பலகை குளிர்ந்திருக்கிறது. ஐம்பதாவது சட்டைக்கு அதே பலகை கொதிக்கிறது. நீங்களோ காலையில் கொடுத்த அதே நேரத்துக்குத்தான் ஃபிளாஷ் கொடுக்கிறீர்கள். வெள்ளை பேஸ் சூடாகவே இருக்க, அதன்மேல் விழும் மஞ்சள் அடியிலிருந்து இறுகி பிசுபிசுக்கிறது. அடுத்து வரும் சிவப்பு ஸ்கிரீனின் அடிப்பக்கம் அதில் பட்டு ஒட்டிக்கொள்கிறது. ஆகவே பலகை சூடேற ஏற ஃபிளாஷ் நேரத்தைக் குறையுங்கள். வெள்ளையை விரலால் தொட்டால் மை ஒட்டக்கூடாது, அவ்வளவு போதும். முழுதாக வேகவைக்க அது இடமில்லை. பிறகு சில நொடி ஆறவிட்டு மஞ்சளை அடியுங்கள். வெப்பமானித் துப்பாக்கி ஒன்று வாங்கி வைத்தால் ஊகிக்கவே வேண்டியதில்லை.

இதைச் செய்தும் ஒட்டினால் ஸ்கிரீனைப் பாருங்கள். ஸ்க்யூஜி, அதாவது மையை இழுக்கும் ரப்பர் பட்டை, கடந்த கையோடு ஸ்கிரீனின் வலையான மெஷ், சட்டையை விட்டு எழும்ப வேண்டும். மெஷ் தொய்ந்திருந்தால், அல்லது சட்டைக்கும் ஸ்கிரீனுக்கும் இடைவெளியே இல்லாமல் வைத்திருந்தால், மெதுவாக உரிந்து வரும். அப்படி வரும்போதுதான் மையைப் பிய்க்கும். இடைவெளி 2 முதல் 3 மில்லிமீட்டர் வையுங்கள். தொய்ந்த ஃபிரேமை எவ்வளவு அழுத்தி இழுத்தாலும் பயனில்லை, மெஷ்ஷை மாற்றி ஒட்டிவிடுவதே நல்லது.

பலர் செய்யும் ஒரு காரியத்தை நீங்களும் செய்கிறீர்களோ என்று சந்தேகம்: ஒவ்வொரு சட்டைக்கும் ஸ்கிரீனின் அடியைத் துடைப்பது. ஈர மை மேல் அடிக்கும்போது அடியில் கொஞ்சம் மை ஏறத்தான் செய்யும். சில சட்டைகள் போனதும், எடுக்கும் மையும் திரும்ப வைக்கும் மையும் சமமாகி பிரிண்ட் ஒரு நிலைக்கு வந்துவிடும். துடைத்தால் அது மறுபடி முதலிலிருந்து மையை உறிஞ்ச ஆரம்பிக்கும். பழைய துணியில் சில இழுப்பு போட்டு அந்த நிலைக்குக் கொண்டுவந்துவிட்டு, பிறகு ஆர்டர் சட்டையை மாட்டுங்கள். மை திட்டுத் திட்டாகச் சேர்ந்து விளிம்பு அழிந்தால் மட்டும் துடைக்கலாம்.

மை கனமாக விழுந்தாலும் இதே தொல்லைதான். கீழே வெள்ளை இருப்பதால் மேல் நிறங்களுக்கு அவ்வளவு கனம் தேவையில்லை. வெள்ளைக்கு 43T மெஷ் (சென்டிமீட்டருக்கு 43 இழை) சரி. மஞ்சளும் சிவப்பும் அதே மெஷ்ஷில் போகிறதென்றால் 77T அல்லது 90T-க்கு மாறுங்கள். ஸ்க்யூஜி ரப்பரின் விளிம்பு மழுங்கியிருந்தாலும் மை கூடுதலாக இறங்கும்.

வரிசையையும் யோசியுங்கள். முதலில் அடிக்கும் நிறம் பின்னால் வரும் எல்லா ஸ்கிரீனிடமும் அடி வாங்கும். அதனால் இடம் குறைவாகப் பிடிக்கும் நிறம் முதலில், பெரிய பரப்பு கடைசியில். வெளிர் நிறம் முன்னே, அடர் நிறம் பின்னே என்பதும் வழக்கம்தான். இரண்டும் மோதினால், நிறங்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறாத டிசைனில் நான் பரப்பையே பார்ப்பேன்.

மார்கழிப் பனியில் ஆறு மணிக்கு வேலை தொடங்கும் நாளில் கதை வேறு. அப்போது மை குளிர்ந்து விறைத்திருக்கும். கரண்டியால் அள்ளித் தூக்கிப் பாருங்கள்: வெல்லப்பாகு போலக் கம்பி கம்பியாக இழுத்தால் ஒட்டும், சட்டென்று அறுந்து விழுந்தால் ஓடும். நன்றாகக் கிண்டினாலே பாதி மை இளகிவிடும். அப்படியும் இழுத்தால் பிளாஸ்டிசாலுக்கென்றே விற்கும், மையோடு சேர்ந்து வேகக்கூடிய ரெடியூசரை (மையை இளக்கும் திரவம்) தராசில் எடை போட்டுக் கலக்குங்கள். டப்பாவில் போட்டிருக்கும் அளவைத் தாண்ட வேண்டாம்.

மண்ணெண்ணெய் மட்டும் கூடவே கூடாது. அது மைப் படலத்தோடு சேராது, பிடிப்பைக் கெடுக்கும். ஃபிளாஷ் பக்கத்தில் தீப்பிடிக்கும் அபாயம் வேறு. யூனிட்டில் வேலை பார்ப்பவர்களை நினைத்தாவது இன்றே நிறுத்துங்கள். கலந்த மையை நல்ல டப்பாவில் திரும்ப ஊற்றாதீர்கள். அந்த மையில் ஏற்கெனவே அடித்த சட்டைகளில் ஒன்றை, மை முழுக்க 160 டிகிரி எட்டும்படி க்யூர் செய்து (முழுதாக வேகவைத்து), ஆறிய பிறகு இழுத்துப் பாருங்கள், வெடிக்கக்கூடாது. அப்புறம் சோப்புப் போட்டுச் சில முறை துவையுங்கள். அதிலும் பிரிண்ட் நின்றால் டீமிடம் கொடுக்கலாம். உரிந்தால் அந்தச் சட்டைகளைத் திரும்ப அடித்துத்தான் கொடுக்க வேண்டும்.