பதில்: திறந்து பார்த்துவிட்டு மூடிவிடும் செயலி

தம்பி, கிளிநொச்சிக் கமக்காரருக்காக நீங்கள் செய்த தண்ணீர் முறைச் செயலியை ஆட்கள் ஒருமுறை திறந்துவிட்டு அப்படியே விட்டுவிடுகிறார்கள், நிறத்தை மாற்றலாமா என்று கேட்டிருந்தீர்கள். நிறத்தில் பிழையில்லை. முதல் திரையில் குளத்தின் நீர்மட்டம், மழையளவு, அறிவித்தல், கடவுச்சொல் எல்லாம் நிற்கின்றன. ஆளைத்தான் காணவில்லை.

முதலில் ஒரு கதை எழுதுங்கள். சிறுபோகம், குளத்துத் தண்ணீரை நம்பிச் செய்யும் கோடைப் பயிர்க்காலம். இரணைமடுக் குளத்தின் கீழ் ஒரு அக்கா, வாய்க்காலின் கடைசி வயல். மேலே உள்ளவர்கள் பாய்ச்சி முடித்த பிறகுதான் அவருக்குத் தண்ணீர். இரவு எட்டு மணி, கையில் மகனின் போன், சார்ஜும் குறைவு. அவருக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான்: "என்ர வாய்க்காலுக்கு நாளைக்குத் தண்ணி வருமா, எத்தனை மணிக்கு?" கூலிக்கு ஆள் சொல்வதா விடுவதா என்பது அந்தப் பதிலில் இருக்கிறது.

இதை ஆறேழு கட்டங்களாகக் கீறுங்கள். 1930களில் வால்ட் டிஸ்னி ஸ்டூடியோவில் கார்ட்டூனுக்காகச் சுவரில் படங்களைக் குத்திவைத்துப் பார்த்த அதே முறைதான். குச்சி மனிதர் போதும். எந்தக் கட்டத்தில் அக்கா யோசித்து நிற்கிறாரோ, அங்கேதான் உங்கள் திரை மறிக்கிறது. நீர்மட்டம் இரண்டாம் திரைக்குப் போகட்டும், கடவுச்சொல்லைத் தூக்கிவிடுங்கள்.

கதையை அறைக்குள் இருந்து கற்பனை பண்ணினால் நமக்குச் சாதகமாகத்தான் வரும். கமக்காரர் அமைப்புக் கூட்டம் முடிந்து ஆட்கள் நின்று கதைக்கும்போது போய், போன முறை தண்ணீர் பிந்தியபோது என்ன செய்தீர்கள் என்று கேளுங்கள். செயலியைப் பற்றிக் கேட்டால் மரியாதைக்கு "நல்லது" என்றுதான் சொல்வார்கள். மழைக்காலப் பயிரான காலபோகத்துக்கு வேறு கதை வேண்டும். அப்போது கவலை வெள்ளம்.