நிறைய விண்டோக்களைத் திறந்து வைத்து வேலை செய்பவர்கள் குழம்பாமல் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

பெங்களூரு அல்சூரில் ஒரு சின்ன ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். எங்களிடம் வருவது பெரும்பாலும் சிக்பேட்டை துணிக்கடைக் கணக்குகள். மாதாமாதம் 11-ஆம் தேதிக்குள் விற்பனை விவரங்களுக்கான ஜிஎஸ்டிஆர்-1 படிவம், 20-க்குள் வரிக் கணக்கின் சுருக்கமான 3பி படிவம் தாக்கல் செய்யணும். அந்த நாட்களில் என் லேப்டாப்பில் இருபது விண்டோ வரை திறந்திருக்கும்.

ஒருமுறை ஒரு கடையின் உள்ளீட்டு வரித் தொகையை (கொள்முதலில் கட்டிய வரி) இன்னொரு கடையின் 3பி-யில் போட்டுவிட்டேன். தாக்கல் செய்வதற்குள் சீனியர் அக்கா கவனித்துவிட்டார். "எக்செல் எல்லாம் பாக்க ஒரே மாதிரிதான் இருக்கும், பேரைப் பாத்துப் போடணும்ல?" என்றார். அன்று இரவு சரியாகத் தூக்கம் வரவில்லை. யோசித்துப் பார்த்தால், என் வேலை கடைவாரியாக நடக்கிறது. டாஸ்க்பாரோ எல்லா எக்செல்லையும் ஒரே ஐகானுக்குள் அடுக்குகிறது. எக்செல் 2013-லிருந்து ஒவ்வொரு கோப்பும் தனி விண்டோவாக வேறு திறக்கிறது. ஆல்ட்+டேப் அழுத்தினால் எந்தக் கடை வரும் என்றே தெரியாது.

அதற்குப் பிறகு ஸ்டார்டாக் நிறுவனத்தின் குரூப்பி (Groupy) மென்பொருளுக்கு மாறினேன். ஒரு விண்டோவின் தலைப்பைப் பிடித்து இன்னொன்றின் தலைப்பில் விட்டால், இரண்டும் பிரவுசரில் இருப்பது போல டேப்களாகச் சேர்ந்துகொள்ளும். ஒரு கடையின் எக்செல், வங்கி ஸ்டேட்மென்ட் பிடிஎஃப், ஃபோல்டர், ஜிஎஸ்டி தளம் எல்லாம் ஒரே கூட்டு. அதைச் சேமித்து வைத்து அடுத்த மாதம் அப்படியே திறக்கலாம். ஒன்று முக்கியம்: ஜிஎஸ்டி தளத்துக்குக் கடைக்கொரு குரோம் ப்ரொஃபைல் வைத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் லாகின் மாறி, பழைய குழப்பம் திரும்பிவிடும்.

இது காசு கொடுத்து வாங்க வேண்டிய மென்பொருள். மைக்ரோசாஃப்டே 'செட்ஸ்' என்ற பெயரில் இதே வசதியை விண்டோஸ் 10-இல் சோதித்துப் பார்த்து, பிறகு கைவிட்டது. எனக்கு இன்னும் அந்த வருத்தம் உண்டு. விண்டோஸ் 11-இல் ஃபோல்டர்களுக்கு மட்டும் 2022-இல் டேப் வந்தது, கன்ட்ரோல்+T போதும். செலவில்லாமல் வேண்டுமென்றால் விண்டோஸ்+கன்ட்ரோல்+D அழுத்திக் கடைக்கொரு டெஸ்க்டாப் திறந்து, அதற்குக் கடையின் பெயரையே வையுங்கள். டேப் அளவுக்குக் கச்சிதமாக இருக்காது, ஆனால் கணக்கு மாறிப்போகாது.

அப்புறம், 2பி-யையும் (விற்றவர்கள் தாக்கல் செய்ததை வைத்து ஜிஎஸ்டி தளம் தரும் உள்ளீட்டு வரிப் பட்டியல்) கொள்முதல் பதிவேட்டையும் ஒப்பிடும்போது டேப்பில் வைக்காதீர்கள், ஒன்று மற்றொன்றை மறைத்துவிடும். அந்த வேலைக்கு மட்டும் இரண்டையும் வெளியே இழுத்து, விண்டோஸ் விசையோடு அம்புக்குறியை அழுத்தி இடமும் வலமுமாக நிறுத்திக்கொள்வேன்.