ஸ்காட்லாந்துக்கு வடக்கே உள்ள ஷெட்லாண்ட் தீவுகளில் பஃபின் (வண்ண அலகுள்ள கடற்பறவை), நீர்நாய் எல்லாம் எங்கே, எப்போது பார்க்கலாம்?

பஃபினுக்குக் கவலையே வேண்டாம். மே முதல் ஜூலை வரை தென்கோடியில் உள்ள சம்பர்க் முனைக்குப் போனால் போதும். கலங்கரை விளக்கத்துக்குப் போகும் வழியில், சுவருக்கு அந்தப் பக்கமே நிற்கும். அலகில் வெள்ளிக் கம்பிகள் போலச் சின்ன மீன்கள் தொங்கும். ஆகஸ்ட் நடுவில் போனால் ஏமாற்றம்தான், அதற்குள் பெரும்பாலும் கடலுக்குப் போய்விடும்.

நீர்நாய்தான் பொறுமையைச் சோதிக்கும். இங்கே அது பகலிலேயே கடலோரத்தில் இரை தேடும். ஆனால் ரோமத்தில் உப்பு படிந்தால் குளிர் தாங்காது. நல்ல தண்ணீரில் கழுவியே ஆக வேண்டும். எனவே ஓடை கடலில் சேரும் இடமாகப் பார்த்து, காற்று உங்கள் முகத்தில் அடிக்கும்படி உட்காருங்கள். உங்கள் வாடை போய்ச் சேர்ந்தால் அவ்வளவுதான்.

அப்புறம், மூசா தீவின் இரவுப் படகை விட்டுவிடாதீர்கள். சுமார் 2000 ஆண்டுப் பழைய, 13 மீட்டர் உயரக் கல்கோபுரத்தின் இடுக்குகளில் ஸ்டார்ம் பெட்ரல் என்ற சின்னக் கடற்பறவை கூடு கட்டுகிறது. குருவியைவிடக் கொஞ்சம்தான் பெரிது. கடற்காகங்களுக்குப் பயந்து இருட்டிய பிறகே கரைக்கு வரும். ஜூனில் அங்கே நள்ளிரவு நெருங்கினால்தான் இருட்டும் என்பதால் படகும் அந்த நேரத்துக்குத்தான்.

ஓர்கா எனும் கொலைகாரத் திமிங்கிலம்? அதைப் பார்ப்பது முழுக்க அதிர்ஷ்டம்.