நர்ஸம்மாவின் கேள்வி

அன்புள்ள ஐயா,

காசிமேடு பக்கம் ஒரு நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸாக இருக்கிறேன். கர்ப்பிணிகளைப் பதிவு செய்து பிக்மி எண் (அரசின் கர்ப்பிணிப் பதிவு எண்) வாங்கித் தருவது, தடுப்பூசி, வீடு வீடாகப் போவது எல்லாம் என் வேலை. ஆய்வுக்கு வருபவர்களைத் தெருத்தெருவாகக் கூட்டிப்போய்ப் படிவம் நிரப்பித் தருவதும் நாங்கள்தான். அப்புறம் அந்த ஆய்வு என்ன ஆனது என்று யாரும் சொல்வதில்லை. எனக்கும் ஒரு கேள்வி உண்டு. விடியற்காலையில் மீன் ஏலத்துக்குப் போகும் கர்ப்பிணிகளுக்கு இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தும் ரத்த அளவு ஏன் ஏறமாட்டேன் என்கிறது? இதை ஆராயலாமா என்றால், “அது டாக்டருங்க வேலை சிஸ்டர்” என்கிறார்கள். எங்களால் முடியாதா?

அன்புள்ள சகோதரிக்கு,

கண்டிப்பாக முடியும். 1956இல் சென்னையில் தொடங்கிய காசநோய் ஆய்வு மையம், நோயாளியைச் சானடோரியம் என்ற காசநோய் மருத்துவமனையில் சேர்த்துத்தான் ஆகவேண்டுமா, வீட்டிலேயே மாத்திரை கொடுத்தால் போதாதா என்று 193 பேரை வைத்து ஒப்பிட்டது. நெருக்கடியான வீடுகளில் வாழ்ந்த ஏழைகள் அவர்கள். வீட்டுச் சிகிச்சையும் ஏறக்குறைய அதே பலனைத் தருகிறது என்று 1959இல் வெளியான முடிவு, உலகம் முழுக்கக் காசநோய் சிகிச்சையையே மாற்றியது. சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போய் மீதி மாத்திரையை எண்ணியதும் சிறுநீர் மாதிரி வாங்கி வந்ததும் உங்களைப் போன்ற களப்பணியாளர்கள்தான். அவர்கள் இல்லாமல் அந்த ஆய்வே இல்லை. ஆனால் கேள்வி அவர்களுடையது அல்ல. உங்கள் விஷயத்தில் கேள்வியும் உங்களுடையதாக இருக்கவேண்டும் என்பது என் ஆசை.

அது நல்ல கேள்வி. 2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இந்தியக் கர்ப்பிணிகளில் 52.2 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. ஆனால் உங்கள் கேள்விக்குள் பல கேள்விகள் இருக்கின்றன. மாத்திரையை விழுங்குகிறார்களா? குமட்டலுக்குப் பயந்து எடுத்து வைத்துவிடுகிறார்களா? வெறும் டீயோடு போட்டுக்கொண்டு ஓடுகிறார்களா? டீ, இரும்புச்சத்து உடலில் சேர்வதைக் குறைக்கும். இல்லை, குடற்புழு போல வேறு காரணமா? முதலில் ஒன்றை மட்டும் எடுங்கள். எந்த நேரத்தில், எதோடு மாத்திரை போடுகிறார்கள் என்பதிலிருந்து தொடங்கலாம். ஏலத்துக்குப் போகிறவர்களையும் போகாதவர்களையும் சேர்த்தே கேளுங்கள், இல்லாவிட்டால் ஒப்பிட எதுவும் இருக்காது.

ஒரு விஷயத்தில் கவனம் தேவை. மாத்திரை கொடுத்தவரே “போட்டியா?” என்று கேட்டால், திட்டு விழுமோ என்று “போட்டேன் நர்ஸம்மா” என்றுதான் சொல்வார்கள். அதனால் அந்தக் கேள்வியை மட்டும் வேறு ஏரியா சிஸ்டர் கேட்கட்டும்; மீதி மாத்திரையையும் எண்ணட்டும்.

தொடங்குமுன் மாநகராட்சி சுகாதாரத் துறையின் அனுமதியும் ஆய்வில் பங்கேற்பவர்களுக்குத் தீங்கு வராமல் பார்க்கும் நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும் வேண்டும். பதிவேட்டில் இருக்கும் பெயர், போன் நம்பர் எதையும் உங்கள் சொந்த செல்போனில் ஏற்றாதீர்கள். சம்மதிக்காத பெண்ணுக்கும் சிகிச்சையில் ஒரு குறையும் வரக்கூடாது, அதை அவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள்.

ஸ்டான்லி மருத்துவக் கல்லூரி உங்களுக்குப் பக்கம்தான். அங்கே சமூக மருத்துவத் துறையில் உதவி கேட்டுப் பாருங்கள். எத்தனை பேரைக் கேட்கவேண்டும், எப்படிக் கணக்குப் போடவேண்டும் என்று அவர்களால் சொல்லமுடியும். கட்டுரையில் உங்கள் பெயர் வருமா என்பதையும் முதல் நாளே எழுத்தில் பேசிவிடுங்கள். இதில் கூச்சம் வேண்டாம். பொதுவாக மருத்துவ இதழ்கள், தகவல் திரட்டியவரை அதற்காக மட்டும் கட்டுரையாசிரியராக ஏற்பதில்லை. எழுதுவதிலோ திருத்துவதிலோ பங்கு இருக்கவேண்டும், இறுதி வடிவத்துக்குச் சம்மதம் தந்திருக்கவேண்டும். ஆகவே வரைவை உங்களிடம் காட்டியே ஆகவேண்டும் என்று கேளுங்கள்.

இதைப் படிக்கும் மருத்துவ அதிகாரிகளுக்கும் ஒரு வேண்டுகோள். நர்ஸ்களுக்கு ஆர்வம் இல்லை என்று சொல்லாதீர்கள். தடுப்பூசி நாள், கர்ப்பிணிகள் நாள், களப்பணி, கணினிப் பதிவு எல்லாம் போக அவர்களுக்கு மிச்சம் இருப்பது ராத்திரி மட்டும்தான். வாரத்தில் அரை நாள் ஒதுக்கி, அந்த நேரத்தில் அவர் பகுதியைப் பார்த்துக்கொள்ள இன்னொருவரை அனுப்புங்கள்.

அனுமதிக் கடிதம் எழுதும்போது எனக்கு அனுப்புங்கள், சேர்ந்தே திருத்துவோம்.

அன்புடன்.